பசையும் பருவமழையும்

ஏப்ரலில் செய்த அலமாரி ஜூலையில் வாயைத் திறந்தது. மும்பை செம்பூரில் எங்கள் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரி அது. கதவுச் சட்டத்தின் நான்கு மூலைகளில் இரண்டு விலகிவிட்டன. உள்ளே அடிப்பலகையும் பக்கப் பலகையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இத்தனைக்கும் பலகை சாதாரணப் பலகை அல்ல. மரைன் பிளைவுட். கடைக்காரர் முத்திரையைக் காட்டிக் காட்டி விற்றது.

கோபம் மிஸ்திரி மேல்தான் வந்தது. ராஜஸ்தான்காரர், மும்பையில் முப்பது வருஷமாகத் தச்சு வேலை செய்பவர். 'மழை முடியட்டும், பார்க்கலாம்' என்று கூலியில் ஆயிரம் ரூபாயை நான் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தேன். இப்போது அது சரிதான் என்று தோன்றியது. கூப்பிட்டு அனுப்பினேன்.

வந்தவர் வாதம் செய்யவில்லை. குந்தி உட்கார்ந்து, ஆணி முனையால் மூட்டைச் சுரண்டினார். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டிய பசை வெள்ளையாக, பாலாடை போல உரிந்து வந்தது. அதை விரலால் உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "மரமும் சரி, கையும் சரி, சாப். விட்டது இதுதான்" என்றார். பிறகு, குறையாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னார்: "தண்ணீர் தாங்கும் டப்பா வேண்டும் என்று ஏப்ரலில் கேட்டேன்."

கேட்டார்தான். 'பசையில் என்ன பெரிய வித்தியாசம்' என்று விலை குறைந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தது நான்.

என்ன வித்தியாசம் என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த டப்பாவுக்குள் சுமார் நூறு வருஷ ரசாயனம் இருப்பது தெரிந்தது. கூடவே ஒரு முரண்பாடும். தண்ணீர்தான் அந்தப் பசையைச் சுமந்து வருகிறது. அதே தண்ணீர் திரும்பி வந்தால் பசை தோற்றுப் போகிறது.

நம் தாத்தா காலத்து ஆசாரிகள் வஜ்ஜிரம் காய்ச்சினார்கள். வடக்கே அதற்கு சரேஸ் என்று பெயர். மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுத்த புரதம் அது. ஊறவைத்து, அடுப்பில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் பூச வேண்டும். நாற்றம் தெரு முழுக்க வீசும். காய்ந்தால் பிடிப்பு அபாரம். ஆனால் சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகிவிடும். வயலின் செய்பவர்கள் இன்றும் அதைத்தான் விரும்புகிறார்கள். பழுது பார்க்க வேண்டுமானால் மரத்தைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுக்கலாம். சமையலறை அலமாரிக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

வஜ்ஜிரத்தை ஓய்வுக்கு அனுப்பியது வெள்ளைப் பசை. அதன் மூலப்பொருளான வினைல் அசிடேட்டுக்கு 1912இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் கிளாட்டே என்ற ரசாயனவியலாளர் காப்புரிமை பெற்றார். அதற்குத் துணை நிற்கும் பாலிவினைல் ஆல்கஹாலும் 1924இல் ஜெர்மனியில்தான் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஜோடி உலகம் முழுவதும் தச்சுப் பட்டறைகளுக்குள் நுழைந்தது. இந்தியாவில் 1959இல் பல்வந்த் பாரேக் ஃபெவிகாலை அறிமுகப்படுத்தினார். அடுப்பு வேண்டாம், நாற்றம் இல்லை, மூடியைத் திறந்து பூசினால் போதும். ஆசாரிக்கு அது விடுதலை. அந்தப் பெயரே பசை என்பதற்கு மறுபெயராகிவிட்டது.

இந்த வெள்ளைப் பசை எப்படி வேலை செய்கிறது? டப்பாவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு மணியும் பாலிவினைல் அசிடேட் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் சுருண்டு கிடக்கும் உருண்டை. தம் போக்கில் விட்டால் இந்த மணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தயிர் போலத் திரிந்துவிடும். அப்படி ஆகாமல் காப்பதுதான் பாலிவினைல் ஆல்கஹாலின் வேலை. மணிகளைச் சுற்றி மேலாடை போலப் படிந்து, அவற்றைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது.

பசையை மரத்தில் பூசியதும் தண்ணீரை மரம் உறிஞ்சுகிறது, கொஞ்சம் காற்றும் எடுத்துக்கொள்கிறது. மணிகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றாகிப் படலமாகின்றன. வெள்ளை மறைந்து தெளிவு வருகிறது. இப்படிக் காய்ந்த நல்ல மூட்டை உடைத்துப் பார்த்தால் பசை விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். எனவே உலர்ந்த நிலையில் வலு போதாது என்று யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் அந்த மேலாடையில் இருக்கிறது. பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரில் கரையும் பொருள். அதனால்தான் மணிகளை மிதக்கவைக்க முடிந்தது. பசை காய்ந்த பிறகும் அது எங்கும் போவதில்லை. மணிகளுக்கு இடையே மெல்லிய சுவர்களாகத் தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் ஈரம் நுழைந்ததும் முதலில் ஊறுவது இந்தச் சுவர்கள்தான். படலம் உப்புகிறது, மீண்டும் வெளுக்கிறது, ரப்பராகிறது. என் உள்ளங்கையில் மிஸ்திரி வைத்தது அதைத்தான்.

இன்னொரு பலவீனம் வெப்பம். பாலிவினைல் அசிடேட் 30 முதல் 40 டிகிரிக்குள் விறைப்பை இழந்து இளக ஆரம்பிக்கிறது. லண்டனில் இது பெரிய விஷயமில்லை. டெல்லியில் மே மாதம் 45 டிகிரி. புத்தகங்களைச் சுமக்கும் அலமாரியின் மூட்டு உடையாமலேயே, மாதக் கணக்கில் அணு அணுவாக வழுக்கிக்கொண்டு போகும். ஈரமும் சேர்ந்தால் இளகும் வெப்பநிலை இன்னும் இறங்கும். நம் நாட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இப்போது அந்த மரைன் பிளைவுட்டைப் பார்ப்போம். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்தின்படி அதை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியக் கூடாது. அடுக்குகளை ஒட்டப் பொதுவாகப் பயன்படுவது ஃபீனால் ஃபார்மால்டிஹைட் பிசின். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பிசினும் தண்ணீரோடுதான் வருகிறது. ஆனால் தொழிற்சாலையில் அதை 130 டிகிரிக்கு மேல் சூடேற்றி அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று நிரந்தரமாகப் பிணைந்துவிடுகின்றன. பிறகு தண்ணீர் வந்தாலும் கரைக்க எதுவும் இல்லை.

ஆக, மூன்று நாள் கொதிநீரைத் தாங்கும் பலகையை அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். அதன் விளிம்புகளைப் பச்சைத் தண்ணீரில் இளகும் பசையால் சேர்க்கிறோம். முத்திரை பலகைக்கு மட்டும்தான், மூட்டுக்கு இல்லை. ஆசாரியிடம் சூட்டு அழுத்த இயந்திரம் கிடையாது. அவரிடம் இருப்பது நாலு கிளாம்ப், ஒரு சுத்தியல், ஓர் இரவு அவகாசம். தொழிற்சாலை 130 டிகிரியில் சாதிப்பதை அறை வெப்பத்தில், ஒரே இரவில் சாதிக்க முடியுமா என்பதுதான் பசை ரசாயனவியலாளர்களின் முன்னால் இருந்த கேள்வி.

அவர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். முதல் வழி, சங்கிலியையே மாற்றுவது. வினைல் அசிடேட்டுடன் எத்திலீனைச் சேர்த்துச் சங்கிலி கோத்தால் தண்ணீர் மேல் அதற்குள்ள ஆசை குறைகிறது. குளிரிலும் நல்ல படலமாகிறது. ஆனால் சங்கிலி மென்மையாவதால், சுமை தாங்கும் மூட்டு இன்னும் எளிதாக வழுக்கும். இன்னொரு துணைப்பொருள் வினைல் வெர்சடேட். கிளைகள் அடர்ந்த, எண்ணெய்த்தன்மை கொண்ட மூலக்கூறு. சங்கிலியில் பக்கத்தில் நிற்கும் அசிடேட்டுக்கும் சேர்த்து அது குடை பிடிக்கிறது. ரசாயனவியலாளர்களே இதைக் குடை விளைவு என்றுதான் அழைக்கிறார்கள். மேலாடையையும் விடவில்லை. பாலிவினைல் ஆல்கஹாலின் சங்கிலியில் கொஞ்சம் எத்திலீனை நுழைத்து, மணிகளை மிதக்கவைக்கும் குணம் கெடாமல் ஊறும் குணத்தை மட்டும் குறைத்தது ஜப்பானியத் தொழில்துறை.

இவையெல்லாம் தண்ணீரைத் தாமதப்படுத்தும். தடுத்து நிறுத்த இரண்டாவது வழி வேண்டும். அது சங்கிலிகளை ஒன்றோடு ஒன்று பிணைப்பது. சாதாரணப் பசையின் சங்கிலிகள் இடியாப்ப இழைகள் மாதிரி. பின்னிக் கிடக்கும், ஆனால் முடிச்சு இல்லை. தண்ணீர் ஊற்றினால் இழை இழையாகப் பிரியும். ஆங்காங்கே முடிச்சுப் போட்டுவிட்டால் அது மீன் வலை. நனையும், ஆனால் கரையாது.

முடிச்சு என்றால் எந்த முடிச்சும் ஆகிவிடாது. வெள்ளைப் பசையில் வெங்காரக் கரைசலை ஊற்றிக் குழந்தைகள் வழவழவென்று பொம்மைக் களி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் பிணைப்புதான். பாலிவினைல் ஆல்கஹால் சங்கிலிகளை போரான் இணைக்கிறது. ஆனால் அந்த முடிச்சு நொடிக்கு நொடி அவிழ்ந்து மறுபடி விழுகிறது. அதனால்தான் களியை உருட்டி மேஜையில் வைத்தால் சற்று நேரத்தில் வழிந்து தட்டையாகிறது. விளையாட்டுக்குச் சரி, கதவுக்கு ஆகாது.

கதவுக்கு வேண்டியது அவிழாத முடிச்சு. இதற்குப் பசைக்காரர்கள் செய்த உபாயம் நயமானது. சங்கிலியைக் கோக்கும்போதே என்-மெத்திலால் அக்ரிலமைட் என்ற பொருளைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். சங்கிலியின் உடம்பில் ஆங்காங்கே கொக்கிகள் முளைக்கின்றன. டப்பாவில் தண்ணீர் நிறைய இருக்கும்வரை கொக்கிகள் பெரும்பாலும் சும்மா இருக்கும். கூடவே அலுமினியம் குளோரைடு போன்ற ஓர் உப்பு. அது பசையை அமிலமாக்குகிறது. மூட்டில் தண்ணீர் வற்ற வற்ற அமிலத்தின் செறிவு கூடுகிறது, கொக்கிகள் விழித்துக்கொண்டு ஒன்றையொன்று பற்றுகின்றன. பாலிவினைல் ஆல்கஹாலையும் இழுத்துக் கட்டிப்போடுகின்றன. தண்ணீர் வெளியேறும் அதே நேரத்தில் கதவும் சாத்தப்படுகிறது. சூட்டு அழுத்தம் தேவையில்லை.

இலவசமாக எதுவும் கிடைக்காது. அமிலப் பசை இரும்பு டப்பாவை அரிக்கும். துவர்ப்புச் சத்து நிறைந்த மரத்தில் இரும்பு ஆணியோடு சேர்ந்தால் கறுப்புக் கறை விழும். நாள்பட்டால் டப்பாவுக்குள்ளேயே கெட்டிப்படலாம். இந்தக் கொக்கிகள் பிணையும்போது கொஞ்சம் ஃபார்மால்டிஹைடும் வெளியேறும்.

இதைவிடக் கெட்டியான முடிச்சு ஐசோசயனேட். 1970களில் ஜப்பானில் இந்த வகைப் பசைகள் வளர்ந்தன. பசை ஒரு டப்பாவிலும் கெட்டியாக்கி இன்னொரு டப்பாவிலும் வரும். கலந்தவுடன் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் மீதி வீண். தண்ணீரோடும் வினைபுரிந்து கரியமில வாயுவை விடுவதால் நுரைக்கும். கொதிநீரையும் தாங்கும் மூட்டு கிடைக்கும், ஆனால் அந்தக் கெட்டியாக்கியின் ஆவியும் துளிகளும் நுரையீரலுக்கு ஆகாது. ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். லுங்கியைக் கட்டிக்கொண்டு, பூட்டிய அறையில் வெறுங்கையால் குழைக்கும் ஆசாரிக்கு இதை யார் சொல்வது?

முடிச்சு அதிகமானால் வேறு ஆபத்தும் உண்டு. மரம் உயிரோடு இல்லாவிட்டாலும் மூச்சு விடும். மழையில் குறுக்குவாட்டில் பருக்கும், கோடையில் சுருங்கும். பசை கொஞ்சம் வளைந்து கொடுத்தால் மூட்டு பிழைக்கும். கண்ணாடி போல விறைத்துவிட்டால் விரிசல் விடும். இளகவும் கூடாது, விறைக்கவும் கூடாது. ஒவ்வொரு நல்ல டப்பாவும் இந்த இரண்டுக்கும் நடுவே எட்டப்பட்ட ஓர் உடன்பாடு.

வேறு வழியில் யோசித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மர ரசாயனம் ஆராய்ந்த கைச்சாங் லீ, கடற்கரைப் பாறைகளில் அலைக்கு அலை மோதினாலும் விடாமல் ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளைக் கவனித்தார். அவற்றின் பசை ஒரு புரதம். விலை மலிவான புரதமான சோயா மாவிலிருந்து அதே குணத்தைக் கொண்டுவர முயன்றார். சோயாப் பசை புதிதல்ல. முன்பு அமெரிக்கப் பிளைவுட் ஆலைகள் அதைப் பயன்படுத்தி, தண்ணீரைத் தாங்காததால் கைவிட்டிருந்தன. நனைந்தாலும் கிழியாத காகிதத் துண்டுகளில் சேர்க்கப்படும் ஒரு பிசினை லீ அதோடு கலந்தார். முடிச்சு விழுந்தது. ஒரு பெரிய அமெரிக்கப் பிளைவுட் நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டது. 2007இல் இந்த முயற்சிக்கு அந்நாட்டின் பசுமை ரசாயன விருதும் கிடைத்தது. இதற்கும் சூட்டு அழுத்தம் வேண்டும் என்பதால் ஆசாரியின் டப்பாவுக்கு நேரடியாக வராது. ஆனால் தண்ணீரைத் தாங்க ஃபார்மால்டிஹைட்தான் வேண்டும் என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஃபார்மால்டிஹைட் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் முடிவுக்கு வந்திருந்த நிலையில், இது சின்ன விஷயமல்ல.

சரி, கடையில் நிற்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு? 'வாட்டர்ப்ரூஃப்' என்ற ஒற்றைச் சொல் எதையும் சொல்வதில்லை என்று தெரிந்துகொள்ள. ஐரோப்பியர்கள் மரப்பசையை டி1 முதல் டி4 வரை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். உலர்ந்த நிலையில் வகுப்பு எதுவானாலும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு இழுத்தால் டி3 பசை 20 கிலோ தாங்கினால் போதும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. டி4 பசை 40 கிலோ தாங்க வேண்டும், ஆறு மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும். டி1 வகுப்புக்கு நனையும் சோதனையே கிடையாது. இந்தியாவிலும் வெள்ளை மரப்பசைக்கு ஐ.எஸ். 4835 என்ற தரம் இருக்கிறது. ஆனால் பிளைவுட் முத்திரையைத் தடவிப் பார்க்கிற நாம் பசை டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

படித்ததிலிருந்தும் மிஸ்திரியிடமிருந்தும் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கையறை, கூடத்து அலமாரிகளுக்குச் சாதாரண வெள்ளைப் பசை போதும். அங்கே விலை உயர்ந்த டப்பா வீண் செலவு. தொட்டிக்குக் கீழே, குளியலறைக் கதவு, பால்கனி, மழைச் சாரல் படும் ஜன்னல் ஆகிய இடங்களுக்கு நீர் தாங்கும் வகைதான் வேண்டும். எத்தனை நாள், எப்படிப்பட்ட தண்ணீர் என்று டப்பாவில் சோதனை விவரம் இருந்தால் அதை நம்பலாம், வெறும் பெயரை அல்ல. வெயிலில் நாள் முழுக்க நிற்கும் மூட்டை எந்தப் பசையும் தனியாகக் காக்காது. அங்கே திருகாணியும் பெயின்ட்டும் துணைக்கு வர வேண்டும். பசை நிறைய வர வேண்டும் என்று தண்ணீர் ஊற்றி நீட்டினால், மணிகள் விலகி மூட்டு பட்டினி கிடக்கும். ஈர மரத்தில் ஒட்டினால் தண்ணீர் போக இடமில்லை. கிளாம்ப்பை அவசரப்பட்டு எடுத்தால் கொக்கிகளுக்கு அவகாசமில்லை. பிணையும் வகைப் பசைகள் முழு வலுவுக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சோதனைச்சாலையிலேயே ஏழு நாள் காத்திருந்துதான் தண்ணீரில் போடுகிறார்கள். நம் வீட்டுத் தொட்டிக்கு மறுநாளே குழாயைத் திறந்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. மூட்டு விட்டால் பழி ஆசாரிக்குப் போகிறது, பசை வாங்கிய கை யாருடையதாக இருந்தாலும். வெட்டிய சதுரத்தில் பிழையிருந்தால் கண்ணுக்குத் தெரியும். பசையில் செய்த மிச்சம் மழை வரும்வரை தெரியாது. அதற்குள் கூலி கணக்கு முடிந்து, ஆள் வேறு ஊரில் இருப்பார். கெட்ட பெயர் மட்டும் அவரைத் தேடிப் போகும்.

மிஸ்திரி அலமாரியைக் கழற்றினார். பழைய பசையை ஒட்ட ஒட்டச் சுரண்டினார். அது மிச்சமிருந்தால் புதியது மரத்தைப் பிடிக்காதாம். பலகையைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே நான்கு நாள் காயவைத்தார். இந்த முறை டப்பாவை அவரே தேர்ந்தெடுத்தார். ஒட்டி முடித்ததும் ஒரு வாரத்துக்குத் தொட்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். வீட்டில் எல்லோரும் குளியலறையில் பாத்திரம் கழுவினோம். அந்த அலமாரி அடுத்து வந்த இரண்டு மழைக்காலங்களையும் பார்த்துவிட்டது, வாயைத் திறக்கவில்லை.

பிடித்து வைத்திருந்த ஆயிரம் ரூபாயை அன்றே கொடுத்தேன். இரண்டாவது வேலைக்கும் கூலி கொடுத்தேன். மலிவு டப்பாவில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையை இவற்றோடு ஒப்பிட்டு மனைவி ஒரு கணக்குப் போட்டுச் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.